யாருக்காக வந்த கூட்டம்

என் மல்யுத்த நோட்டில் ஐந்து கட்டங்கள். நாள், யாரோடு யார், யார் ஜெயித்தது, எத்தனை நிமிடம், கூட்டம். முதல் நான்கை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஐந்தாவதுதான் என் வேலை. ஒரு வீரன் அரங்கத்துக்குள் வரும்போது போடும் பாட்டு தொடங்கும் நொடியிலிருந்து கூட்டத்தின் இரைச்சல் அடங்கும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நொடி என்று எழுதுவேன். கேமரா மேலே போகும்போது அரங்கத்தின் மேல் வரிசைகளைக் கவனிப்பேன். டிக்கெட் விற்காத இடங்களைக் கருப்புத் துணி போட்டு மூடியிருப்பார்கள். அது எத்தனை இடத்தில் தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்வேன். கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூடம் படித்தபோது கேபிள் டிவி பார்த்து ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. ஓடிக்கொண்டிருப்பது பதினேழாவது நோட்டு.

இதெல்லாம் பொய்ச் சண்டைதானே என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்வார்கள். யார் ஜெயிப்பது, சாம்பியன் பெல்ட் யாரிடம் எப்போது போவது எல்லாவற்றையும் கம்பெனி ஆபீசில் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அந்த எழுத்துக்குத்தான் புக்கிங் என்று பெயர். அது தெரிந்த பிறகுதான் எங்கள் சண்டையே ஆரம்பித்தது. யார் பலசாலி என்ற கேள்வி போய், யாரை ஜெயிக்கவைப்பது நியாயம் என்ற கேள்வி வந்தது.

எங்கள் என்று நான் சொல்வது முக்கியமாக இரண்டு பேரை. நானும் என் நண்பனும். ஒரே வகுப்பில் படித்தோம். அவன் ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு ஓட்டல் வேலைக்குப் போனான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் இருபத்திரண்டு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அமெரிக்காவில் நடக்கும் மல்யுத்த நிகழ்ச்சியை அவனும் நானும் தனித்தனியாகப் போனில் பார்ப்போம். அவன் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வருவான். ஒன்பது மணி வரை பேசுவோம். அதன் பிறகு நான் அலுவலகத்துக்கும் அவன் ஓட்டலுக்கும். மழையானாலும் இது நிற்காது.

அவனுக்குப் பிடித்தவர் ஒரு நரைத்த தாடிக்காரர். பெரிய உடம்பு கிடையாது, அழகும் கிடையாது. ஆனால் அடி வாங்குவதை அவர் மாதிரி யாராலும் நடிக்க முடியாது என்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வருஷாந்திரப் பெரிய நிகழ்ச்சியில் அவரைத் தோற்கவைத்து, வந்து எட்டு மாதமே ஆன ஒரு புதுப் பையனுக்குப் பெல்ட்டைக் கொடுத்தார்கள். அன்றைக்கு டீக்கடையில் என் நண்பன் உட்காரவே இல்லை.

"இந்த புக்கிங் பண்றவன் கையை ஒடைக்கணும்டா."

"கையை ஒடைச்சா வாயால சொல்லி எழுத வெப்பான்."

"விளையாடாதடா. ஜனம் யாருக்கு வருது? தாடிக்குத்தானே வருது? கூட்டம் இழுக்கிறவன் ஒருத்தன், பெல்ட் இன்னொருத்தனுக்கா?"

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார், "இன்னாண்ணா, இன்னிக்கு யாரு ஜெயிச்சா?"

"எவனும் ஜெயிக்கல. ஒருத்தன ஜெயிக்க வெச்சுட்டானுங்க" என்றான் இவன்.

நான் நோட்டைத் திறந்தேன். முந்தைய வருஷம் தாடிக்காரருக்கு முழங்கால் அடிபட்டு பதினோரு வாரம் அவர் வரவில்லை. அந்தப் பதினோரு வாரமும் அரங்கத்தில் கருப்புத் துணி ஓர் இடத்தில்கூட அதிகமாகவில்லை. அவர் திரும்பி வந்த பிறகு குறையவும் இல்லை. ஆகவே ஜனம் வருவது கம்பெனிப் பெயருக்காக, அவருக்காக இல்லை என்று காட்டினேன்.

"அப்ப பெரிய நிகழ்ச்சிக்கு வந்த கூட்டம்?"

"அதைக் கணக்குல சேக்கக் கூடாது. யாரு இருந்தாலும் அன்னிக்கு வரும். பௌர்ணமிக்கு நம்ம ஊருக்கு வர்ற ஜனம் பஸ் ஸ்டாண்டு டீ நல்லா இருக்குன்னா வருது?"

டீக்கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. என் நண்பன் சிரித்துவிட்டான். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் எதையும் ஒப்புக்கொண்டது கிடையாது. "நோட்டு பொய் சொல்லாதுடா, ஆனா நோட்டுக்கு எல்லாம் தெரியாது" என்பான். எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஓசூர், சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பழைய வகுப்புக்காரர்கள் பதினோரு பேர் உண்டு. நாங்கள் இருவரும் ஆரம்பித்தால் மற்றவர்கள் "ஐயோ, நோட்டும் மாஸ்டரும் வந்துட்டாங்க, போனை அணைங்கப்பா" என்று போடுவார்கள். அப்படித்தான் இருந்தோம்.

போன வருஷம் ஓட்டல் முதலாளி புதிதாக ஒரு மாஸ்டரைக் கொண்டுவந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். மாவை ஆளுயரத்துக்கு மேலே வீசிச் சுழற்றிப் பிடிப்பார். சாலையில் போகிறவர்கள் நின்று போனில் படம் எடுத்தார்கள். முதலாளிக்கு அதில் சந்தோஷம். வாசலில் சாலையைப் பார்த்தபடி இருக்கும் கல்லில் திங்கள், புதன், வெள்ளி புதியவர். செவ்வாய், வியாழன், சனி என் நண்பன் என்று ஏற்பாடு. ஞாயிறு இருவரும். தன் முறை இல்லாத நாட்களில் இவன் பின்கட்டில் சால்னா பார்த்துக்கொள்ள வேண்டும்.

"என்னையும் புக்கிங் பண்ணிட்டாங்கடா" என்றான் டீக்கடையில். சிரித்தபடிதான் சொன்னான். அந்த வாரம் முழுக்கச் சிரித்தபடியே சொன்னான். அடுத்த வாரம் சிரிக்கவில்லை.

வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் வந்துகொண்டிருக்கும் ஒரு தெருவில் அவன் மச்சானுக்குத் தெரிந்தவரின் கடை காலியாக இருந்தது. அதை எடுத்துச் சொந்தமாகப் பரோட்டாக் கடை போட வேண்டும் என்பது அவன் மனைவியின் எண்ணம். அடுப்பு வைக்கிற இடம்கூட அவர் பார்த்து வைத்திருந்தார். அவனுக்குத்தான் பயம். இருபத்திரண்டு வருஷமாக ஜனம் வந்தது தனக்காகவா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவா? கடையின் சொந்தக்காரருக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ எழுதுடா" என்றான். "தாடிக்கு எழுதினியே, எனக்கும் எழுது. என் நாள்ல எத்தன பேரு, அவன் நாள்ல எத்தன பேரு. நீ சொன்னா நான் நம்புவேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். முப்பது வருஷமாகக் கேலி செய்யப்பட்ட ஒரு பழக்கத்திடம் ஒருவன் தன் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைக்கிறான். அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் விதிகளை எழுதினேன். மாலை ஆறரை முதல் எட்டரை வரை. பௌர்ணமியும் அதற்கு முன் நாளும் பின் நாளும் சேராது. ஞாயிறு சேராது. மழை பெய்தால் அந்த நாள் சேராது. உள்ளே வந்து உட்காருகிறவர்கள் மட்டுமே கணக்கு; பார்சல் சேராது.

கடைசி விதியை எழுதியபோது நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மல்யுத்தத்தில் அரங்கத்துக்கு வந்து நாற்காலியில் உட்காருகிறவர்களைத்தான் எழுதி வந்திருக்கிறேன். வீட்டில் பார்ப்பவர்களை எப்படி எண்ணுவது? எண்ண முடியாததை எழுதக் கூடாது என்பது என் ஒழுங்கு. தவிர, பார்சல் வாங்க வருகிறவர் எத்தனை பேருக்கு வாங்குகிறார் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்கு எப்படித் தெரியும்?

ஆறு வாரம், சாலைக்கு எதிர்ப்பக்கம் ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அலுவலகம் முடிந்ததும் நேராக அங்கே போவேன். ஜூஸ் கடைக்காரர் முதல் வாரம் நான் ஏதோ வரி இலாகா என்று நினைத்துச் சர்க்கரை ஜாஸ்தி போட்டார். இரண்டாவது வாரம் அவரே, "சார், அந்த சிவப்பு சட்டைய விட்டுட்டீங்க" என்று எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். கல்லுக்கு இடப்பக்கத்தில் சிலர் தூக்குப் பாத்திரத்தோடும் கட்டைப்பையோடும் நின்றுகொண்டிருப்பார்கள். என் நண்பன் கல்லைப் பார்த்தபடியே அவர்களோடு ஏதாவது பேசுவான். நான் அவர்களைப் பார்த்தேன். விதிப்படி விட்டுவிட்டேன்.

ஆறு வார முடிவில் இரண்டு பேருடைய நாட்களுக்கும் சராசரி போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு ஆள்தான் வித்தியாசம். அதுவும் புதியவர் பக்கம். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீக்கடையில் நோட்டை அவன் முன்னால் வைத்தேன். அவன் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனான். எண்ணெய் ஏறிய விரல்கள் அவனுக்கு. காகிதத்தில் லேசாகக் கறை விழுந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"அப்ப ஓட்டலுக்குத்தான் வராங்க."

"அப்படித்தான் தெரியுது."

"எனக்கில்ல."

"உனக்கும் வராங்க. ஆனா நீ இல்லாட்டியும் வராங்க" என்றேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

அவன் டீயை முடித்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். நோட்டுக்கு எல்லாம் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிடா" என்றான். அன்றைக்கே வேங்கிக்கால் கடையின் சொந்தக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பத்து நாளில் அந்த இடத்துக்கு மீன் தொட்டி விற்கிற ஒருவர் வந்துவிட்டார். இன்னும் ஒரு மாதத்தில் ஓட்டல் முதலாளி வாசல் கல்லை ஆறு நாளும் புதியவருக்கே கொடுத்தார். என் நண்பன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பென்றால் பேசியிருப்பான்.

டீக்கடைக்கு வருவது நிற்கவில்லை. ஆனால் பேச்சு மாறிவிட்டது. தாடிக்காரரை அடுத்தடுத்து மூன்று வாரம் தோற்கவைத்தார்கள். நானே பொறுக்க முடியாமல், "இது அநியாயமான புக்கிங்டா" என்றேன். "கம்பெனிக்குத் தெரியாதா? அவருக்குன்னா ஜனம் வருது?" என்றான். என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னான். அதில் கேலி இல்லை. குரூப்பில் யாராவது வம்புக்கு இழுத்தாலும் "நோட்டு சொல்றதுதான் கரெக்ட்" என்று மட்டும் போட்டான். சிங்கப்பூர்க்காரர் எனக்குத் தனியாக, "மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு அனுப்பினார். நான் நன்றாக இருக்கிறான் என்று பதில் போட்டேன். அன்று டைரியில், "அவன் என்னோடு வாதாடி ஏழு வாரம் ஆகிறது" என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு வேறு எதுவும் எழுதத் தோன்றாமல் தேதிக்குக் கீழே கோடு போட்டு மூடியிருக்கிறேன்.

இதற்குப் பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில், அலுவலகத்தில் அடுத்த மேஜைப் பெண்மணி டப்பாவைத் திறந்துகொண்டே தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவையாவது பரோட்டா கேட்டு உயிரை எடுக்கிறார்களாம். இப்போது எங்கே வாங்குவது என்று தெரியவில்லையாம்.

"பஸ் ஸ்டாண்டாண்ட அந்த ஓட்டல் இருக்கே" என்றேன்.

"அங்கதாங்க சார் வாங்கிட்டிருந்தோம். இப்ப பழைய மாஸ்டரை உள்ள அனுப்பிட்டாங்க. புதுசா இருக்கிறவரு போடுறது அங்கயே சுடச்சுட சாப்ட்டா நல்லா இருக்கும். வீட்டுக்கு எடுத்தாந்து பிரிச்சா ரப்பர் மாதிரி இழுக்குது. பழையவரு போட்டது காலையில கூட மெத்துனு இருக்கும். வேங்கிக்கால்ல எங்க தெருவே செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் அங்க போவும்."

"அந்த மூணு நாள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமே சார். மாஸ்டர் நாளு. அவரே ஞாபகம் வெச்சுக்குவாரு, எந்த வீட்டுக்குக் காரம் கம்மி, எந்த வீட்டுக்கு சால்னா ரெண்டு கவர்னு. நீங்க அவரு ஃப்ரெண்டுதானே, உங்களுக்குத் தெரியாதா?"

நான் சாப்பாட்டை மூடிவைத்தேன். மேஜை இழுப்பறையில் அந்த நாற்பது பக்க நோட்டு இருந்தது. எடுத்து முதல் பக்கத்தைப் படித்தேன். கடைசி விதி என் கையெழுத்தில் நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. அவனுக்காக வந்த ஜனம் உட்காராத ஜனம். ஒரு பாத்திரம் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு வீடு. ஒரு வீட்டைக்கூட நான் எழுதவில்லை. எண்ணியதில் தவறே இல்லை. எண்ணத் தொடங்குவதற்கு முன்னாலேயே தவறு நடந்து முடிந்திருந்தது.

மூன்று நாள் அவனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும், கடை போய்விட்டதே என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை அலுவலகம் இல்லை. மதியம் ஓட்டலின் பின்கட்டுக்குப் போனேன். சிமெண்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு கத்தி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்து இரண்டு வெங்காயம் உரித்தேன். பிறகு சொன்னேன். அலுவலகப் பெண்மணி சொன்னது, விதி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவன் கை நிற்கவில்லை.

"நின்னவங்க எத்தன பேரு?"

"எழுதல."

"ஒரு நாள்கூடவா?"

"இல்லடா."

"பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன்."

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தான். "என் பொண்டாட்டி கேட்டாடா. நீ நோட்டு காட்டின அன்னிக்கே கேட்டா. நின்னு வாங்கிட்டுப் போறாங்களே, அவங்களை அண்ணன் எழுதினாரானு. நான் அவளைத் திட்டினேன். முப்பது வருஷமா எழுதுறான், ஒரு ஆளை விட மாட்டான், உனக்கு இன்னா தெரியும்னு கேட்டேன். அழுதுட்டா." உரித்த வெங்காயத்தை அள்ளிப் பாத்திரத்தில் போட்டான். "அவகிட்ட நீயே போய்ச் சொல்லு. என்னால முடியாது."

அன்று சாயங்காலமே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. அவன் மனைவி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் நான் போனால் "வாங்கண்ணா" என்று எழுந்து உள்ளே போய்க் காபி வைப்பார். அன்றைக்கும் எழுந்தார். உள்ளே போகவில்லை. நின்றுகொண்டே கேட்டார். நானும் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்மா. எம்மேலதான் தப்பு."

"தப்பு கெடக்கட்டும்ணா. வேற எடம் ஒண்ணு எங்க அண்ணன் பாத்துச் சொல்லியிருக்காரு. இவரு வர மாட்டேங்கிறாரு. 'ஜனம் ஓட்டலுக்குத்தான் வருது, எனக்கில்ல'னு பாடம் மாதிரி ஒப்பிக்கிறாரு. பொண்ணு கேட்டாலும் அதையேதான் சொல்றாரு. நான் சொல்றது எடுபடல. நீங்கதான் அதை அவரு மனசுலேருந்து எடுக்கணும்."

"அதான் இன்னிக்குச் சொல்லிட்டேனே."

"ஆறு வாரம் உக்காந்து எழுதிக் காட்டித்தானே அதை நம்ப வெச்சீங்க? ஒரு தடவ வாயால சொன்னா போயிடுமாண்ணா?"

 வரேன்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பின்கட்டுக்குப் போனேன். அவன் சால்னாவைக் கிளறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் என் கையைப் பார்த்தான்.

"உனக்காகத்தான்டா வந்தாங்க" என்றேன். "வேங்கிக்கால்ல ஒரு தெருவே உன் நாள் பாத்து வந்துட்டிருந்தது. இப்ப அவங்க எங்கயும் வாங்கறதில்ல. உன் மச்சான் பாத்த எடத்தைப் போய்ப் பாரு."

"எத்தன வீடு?"

"தெரியாதுடா."

"நோட்டு எடுத்தாரல?"

"இதுக்கு நோட்டு இல்ல. அவங்க சொன்னதைச் சொல்றேன்."

கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான்.

"அப்புறம் எப்படிடா நம்புறது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அடுப்பின் தீயைக் குறைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தான்.